டென்சிலின் பி.எஸ்.ஏ.

ரெமிஜியஸின் மோட்டார் சைக்கிளை ரிச்சர்ட்ஸ் டவுனில் தெரியாதவர்கள் குறைவு. யுத்தத்தில் ராணுவம் ஓட்டிக் கழித்த பழைய பி.எஸ்.ஏ. அது. வீட்டுக்குப் பின்னாலிருந்த கார் ஷெட்டில் வைத்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தேய்ந்ததை எல்லாம் மாற்றி, சில வருஷம் பாடுபட்டு அதை ஓட வைத்திருந்தான். பொதுப்பணித் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் உத்தியோகம். ஆபீஸ் விட்டு வந்து அரைக்கால் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்துவிட்டால், மனைவி பியாட்ரிஸ் தொண்டை வறளக் கூப்பிட்டால்தான் சாப்பிட வருவான். பெட்ரோல் டாங்க் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. சிவாஜிநகர் குஜிரிக் கடைகளில் பழைய இரும்புக் குவியலைக் கிளறி வேறொரு டாங்கைத் தேடிப்பிடித்தான். ராணுவப் பச்சையைச் சுரண்டிவிட்டுக் கறுப்பு அடித்தான். ஹேண்டில்பாரும் சீட்டும்கூடப் புதிது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவன் வண்டியில் வந்து இறங்கினால் கோவில் வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள்.

வண்டி அவனுடையதல்ல என்பது அவனுக்கும் பியாட்ரிஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

அது டென்சிலுடையது. இருவரும் ஒன்றாகப் படித்தவர்கள். ராணுவம் வேண்டாத சாமான்களை ஏலம் விட்டபோது டென்சில் அந்த வண்டியைப் பாதி உடலும் மூன்று சாக்கு மூட்டை உதிரிப் பாகங்களுமாக எடுத்துவந்தான். அவன் குடியிருந்தது ஒற்றை அறை. அதனால் ரெமிஜியஸின் ஷெட்டில் போட்டு, எப்படியோ பூட்டி, நாலைந்து நாள் எஞ்சினை உறும வைத்தான். ரெஜிஸ்டர் செய்வதற்குள் பாரசீக வளைகுடாவில் எண்ணெய்க் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது.

"பாத்துக்க ரெமி. ரெண்டு வருஷத்துல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான்.

இரண்டு வருஷம் போயிற்று. கிறிஸ்துமஸுக்கு வந்துகொண்டிருந்த கார்டும் நின்றது. ரெமிஜியஸ் முதலில் வண்டியைத் தொட்டது நல்ல எண்ணத்தில்தான். துரு ஏறாமல் எண்ணெய் போட்டு வைக்கலாம், அவன் வந்தால் சந்தோஷப்படுவான் என்றுதான் ஆரம்பித்தான். பிறகு கை ஓயவில்லை. ஓடத் தொடங்கியதும் ரெஜிஸ்டர் செய்யவேண்டி வந்தது. தன் பெயரிலேயே செய்தான். யாரோ முதல் முறை, "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டபோது, "குஜிரியில, துண்டு துண்டா" என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதையே சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் அவனுக்கே அது உண்மை மாதிரிதான் இருந்தது.

கப்பலேறி எட்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தபோது, டென்சில் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். எண்ணெய்க் கிணற்று வெடிவிபத்து ஒன்றில் இடது காது கேட்காமல் போய்விட்டிருந்தது. பேசுகிறவர் பக்கம் வலது காதைத் திருப்பித் திருப்பிக் கேட்டான். ரெமிஜியஸைக் கட்டிக்கொண்டு முதுகில் தட்டினான்.

பாட்டுக்குழுவை நடத்தும் சில்வெஸ்டர் பக்கத்தில் இருந்தார். "டென்சில், உன் ஃப்ரெண்டு பெரிய ஆளு மேன். இந்த வண்டியப் பாரு. குஜிரிக் குப்பையிலேருந்து எடுத்து இவரே பண்ணினது."

டென்சில் வண்டியைச் சுற்றிவந்தான். குனிந்து எஞ்சினைப் பார்த்தான். அந்த ரகத்து ராணுவ வண்டிகள் ஊரில் இன்னும் பல ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. நிமிர்ந்து, "அசலா இருக்கு ரெமி" என்றான். பிறகு சாதாரணமாகக் கேட்டான்: "என்னோடது என்னாச்சு?"

சில்வெஸ்டர் சிரித்த முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். உண்மையைச் சொல்ல அது ஒரு நல்ல நேரம் என்று ரெமிஜியஸுக்குத் தெரிந்தது. ஆனால், "ஷெட்டுல மழைத்தண்ணி புகுந்துடுச்சுப்பா. முழுக்க துரு. பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுட்டேன்" என்றான்.

"போவுது விடு" என்றான் டென்சில். "எட்டு வருஷம் உன் ஷெட்டை அடைச்சு வெச்சதுக்கு நான்தான் மாப்பு கேக்கணும்."

பியாட்ரிஸ் முக்காட்டை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாள். அன்று அவள் வண்டியில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் ரெமிஜியஸ் அடுப்படி வாசலில் போய் நின்றான்.

"எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றது? தனியா பாத்துச் சொல்லிடறேன்."

"சொல்லுங்க" என்றாள் அவள், வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் சொல்லமாட்டேன். நான் சொன்னா அது நீங்க சொன்னதாகாது."

தனியாகப் பார்க்க வேண்டிய சிரமமே இல்லாமல் டென்சில் மறுநாள் சாயங்காலம் அவனே வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். வேறு வேலை இன்னும் அமையவில்லை, அறையில் தனியாக உட்காரப் பிடிக்கவில்லை என்றான். வண்டியில் ஒரு கோளாறு தீராமல் இருந்தது. சூடாகி நின்றுவிட்டால் பிறகு லேசில் ஸ்டார்ட் ஆகாது. உதைத்து உதைத்துக் காலே விட்டுப்போகும். டென்சில் அதைக் கேட்டதும் சிரித்தான்.

"என் வண்டிக்கும் இதே வியாதிதான். மேக்னெட்டோ சூடானா பொறி வராது. கழட்டுவோமா?"

கழற்றினார்கள். டென்சில் தரையில் சாக்கை விரித்துச் சம்மணமிட்டு உட்கார்ந்து வேலை செய்தான். ரெமிஜியஸ் பக்கத்தில் குந்தியபடி அவனுக்கு விளக்கைப் பிடித்தான், கேட்ட ஸ்பானரை எடுத்துக் கொடுத்தான். எஞ்சின் ஓடும்போது சத்தத்தை நம்ப முடியாமல் டென்சில் உள்ளங்கையை டாங்கின்மேல் வைத்து அதிர்வைப் பார்ப்பான். ஒவ்வொரு முறையும் ரெமிஜியஸ் விளக்கைக் கொஞ்சம் விலக்கிக்கொள்வான். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான்; எதுவும் சரியாகக் காதில் விழாத டென்சில், "என்னா?" என்று வலது பக்கம் திரும்புவான். "ஒண்ணுமில்ல, காபி ஆறுது" என்பான் இவன். சொல்லாமல் போன ஒவ்வொரு நாளும் சொல்ல வேண்டியதைப் பெரிதாக்கியது. முதல் நாளன்று ஒரு பொய்தான் இருந்தது. இப்போது அவனை உட்கார வைத்து வேலை வாங்கியதும் சேர்ந்துகொண்டது.

டென்சில் வரும் நேரம் நெருங்கினால் ரெமிஜியஸுக்கு வேர்க்கும். கண்ணாடி முன்னால் முகம் கழுவும்போது தன் முகத்தைப் பார்க்காமல் துடைத்துக்கொண்டான். பியாட்ரிஸ் டென்சிலுக்குக் கொண்டுவந்து வைக்கும் தட்டில் எப்போதும் ஏதாவது கூடுதலாக இருக்கும். அதைப் பார்த்தாலும் கூசியது.

மேக்னெட்டோ சரியான அன்று டென்சில் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தான். உள்ளே புத்தம்புதிய ஸ்பீடோமீட்டர்.

"பஸ்ராவுல ஒரு கடையில பாத்தேன். என் வண்டிக்குனு வாங்கினது. அதுல இருந்தது முள்ளு உடைஞ்சுபோனது இல்ல? என்கூடவே கிடந்தது இத்தனை வருஷமா. ஒரு தரம் பெட்டி திருட்டுப்போச்சு, இதை மட்டும் தலைகாணிக்குள்ள வெச்சிருந்ததால தப்பிச்சது." அவன் ஹெட்லைட்டுக்கு மேல் காலியாக இருந்த இடத்தில் அதைப் பிடித்துப் பார்த்தான். "என்கிட்ட வண்டி இல்ல. உன்னோடதுல மாட்டிடலாம்."

விளக்கைப் பிடித்திருந்த ரெமிஜியஸ் மறு கையால் அவன் கையைப் பிடித்தான்.

"மாட்டாதே."

"ஏன், சேராதா?"

"டென்சில், இது உன் வண்டி."

"என்னா?" டென்சில் வலது காதைத் திருப்பினான்.

ரெமிஜியஸ் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது, உரக்க. "உன் வண்டிதான் இது. இரும்புக்காரனுக்குப் போடலை. டாங்கை மாத்தினேன், பெயிண்ட் அடிச்சேன். என் பேர்ல ரெஜிஸ்டர் பண்ணிக்கிட்டேன். கோவில் வாசல்ல பொய் சொன்னேன்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

டென்சில் வண்டியைப் பார்க்கவில்லை. ரெமிஜியஸின் கையிலிருந்த விளக்கைப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் ரெமிஜியஸ் தாங்கியிருப்பான்.

"இத்தனை வருஷமா வண்டியைப் பத்தி நான் ஒரு வார்த்தை எழுதல. நீ எடுத்துக்கிட்டேன்னு சொல்லியிருந்தா சரின்னிருப்பேன்" என்றான் மெதுவாக. "ஆனா நான் தினம் வந்தேன் ரெமி. இங்க உக்காந்து என் வண்டியைப் பத்தி உங்கிட்டயே பேசினேன். நீ பக்கத்துல லைட்டு பிடிச்சுக்கிட்டு இருந்தே."

டென்சில் ஸ்பீடோமீட்டரைக் காகிதத்தில் திரும்பச் சுற்றினான். அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். ஸ்டார்ட் செய்யவில்லை. அந்தக் கனத்தைத் தனியாகத் தள்ளிக்கொண்டு வாசலைக் கடந்தான். ரெமிஜியஸ் பின்னால் ஓடிப்போய்த் தள்ளக் கை கொடுத்தான்.

"வேணாம்" என்றான் டென்சில், திரும்பாமல்.

பொழுது சாய்கிற நேரம். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். டென்சில் கறுப்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதையும், ரெமிஜியஸ் கேட் அருகே எண்ணெய்க் கையோடு நிற்பதையும் அவர்கள் பார்த்தார்கள். அவன் உள்ளே வந்ததும் பியாட்ரிஸ் சோப்பையும் துண்டையும் எடுத்து நீட்டினாள். பக்கத்திலேயே நின்றாள்.

பெயர் மாற்றுவதற்கு இருவரும் சேர்ந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனார்கள். கையெழுத்துப் போடும் மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தும் தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ரெமிஜியஸும் பியாட்ரிஸும் நடந்தே கோவிலுக்குப் போனார்கள். சில்வெஸ்டர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன மேன், வண்டி எங்கே? ரிப்பேரா?"

விற்றுவிட்டேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது என்று ரெமிஜியஸுக்கே பயமாக இருந்தது.

"அது டென்சிலோடது" என்றான். "முதல்லேருந்தே அவனோடதுதான். குஜிரியில வாங்கினேன்னு நான் உங்ககிட்ட சொன்னது பொய்."

சில்வெஸ்டர் சிரிக்கப் பார்த்து, பாதியில் நிறுத்தி, கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார். ரெமிஜியஸ் உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். காது மடல் சுட்டது. பூசை முடிவதற்குள் விஷயம் முன் வரிசைவரை போய்விடும் என்று தெரிந்தது. போகட்டும் என்றிருந்தது, அப்படித் தோன்றினாலும் தலை நிமிரவில்லை. அந்த மாதம் முழுக்க ஆபீஸிலும், காபிக் கடையிலும், தெருவிலும் கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னான். சொல்லச் சொல்லப் பழகிவிடும் என்று நினைத்திருந்தான். பழகவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலை, பஸ்ஸுக்குக் காத்து நின்ற ரெமிஜியஸின் முன்னால் அந்த வண்டி வந்து நின்றது. டென்சில் இறங்கவில்லை, ஏறு என்று சொல்லவும் இல்லை. எஞ்சினை அணைத்துவிட்டு வலது காதைத் திருப்பினான்.

"கியர்பாக்ஸ்ல என்ன போட்டே? ஆயிலா, கிரீஸா?"

"ரெண்டும் கலந்து. கெட்டியா இருக்கணும். இல்லாட்டி அடியில கசியும்."

டென்சில் தலையசைத்தான். ஒரே உதையில் ஸ்டார்ட் செய்துகொண்டு சிவாஜிநகர் பக்கம் போனான். பஸ் வந்தது. ரெமிஜியஸ் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.