பச்சைத் துணி கட்டிய வரிசை

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வண்டியை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் ஒச்சாண்டி கேட்டுவிடுவார்:

"இப்ப எத்தனை பேரு?"

சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். முனீஸ்வரிக்கும் இது பழகிப்போயிருந்தது. உத்தமபாளையத்திலிருந்து கிளம்பும்போதே போனில் பார்த்து மனதில் வைத்துக்கொள்வாள். போன வாரத்தைவிட ஒன்றிரண்டு கூடியிருந்தால் போதும், அன்றைக்குக் கறி எடுக்காமல் விடமாட்டார். ஓடைப்பட்டி டீக்கடைக்குப் போய், "எம் மக எழுதுனதை இன்னும் ரெண்டு பேரு எடுத்து எழுதியிருக்காக, ஒருத்தர் பிரேசில்காரராம்" என்று சொல்லிவிட்டுத்தான் டீயைக் கையில் வாங்குவார். பிரேசில் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அங்கேயும் திராட்சை உண்டு என்று மகள் சொல்லியிருந்தாள். அது போதுமானதாக இருந்தது.

ஒருவர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் முதல் ஆளின் கணக்கில் ஒன்று ஏறும். விஷயம் அவ்வளவுதான். ஆனால் இந்தக் காலத்தில் ஒரு விஞ்ஞானியைப் பார்த்து நீ என்ன கண்டுபிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை. எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், இரண்டையும் சேர்த்துப் போடும் ஹெச்-இண்டெக்ஸ் என்கிற மதிப்பெண் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். கண்டுபிடித்ததைப் படித்துப் புரிந்துகொள்ள நேரம் வேண்டும், மூளை வேண்டும். எண்ணைப் பார்க்க இரண்டும் வேண்டாம். முனீஸ்வரி வேலை பார்த்த கல்லூரியில் முதல்வர் அறைக்கு வெளியே ஒரு பலகையே மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஆசிரியர் படத்துக்குக் கீழேயும் அவரவர் எண். தாவரவியல் துறையின் முனீஸ்வரி படம்தான் எல்லோருக்கும் மேலே இருந்தது.

அந்த உயரம் முழுக்க ஒரே ஒரு கட்டுரையால் வந்தது. பதினான்கு வருடத்துக்கு முன்னால், முனைவர் பட்டத்துக்காக அப்பாவின் தோட்டத்திலேயே செய்த சோதனை. அதை மட்டும் இருநூற்று அறுபத்து மூன்று பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள். பிறகு எழுதிய மற்ற கட்டுரைகள் எல்லாம் அதன் முதுகில் ஏறித்தான் பிழைத்தன.

பன்னீர் திராட்சைக்கு ஐப்பசி மழை எமன். தூறல் விடாமல் பிடித்தால் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். அடிச்சாம்பல் என்பார்கள். இலை கருகி, பிஞ்சு உதிர்ந்து, பந்தல் ஒரே வாரத்தில் எலும்புக்கூடாகிவிடும். திராட்சை வேர் மண்ணிலிருந்தே ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்து, பொடியாக்கி, அதை வைத்தே இந்தப் பூஞ்சையை அடக்கலாம் என்பது முனீஸ்வரியின் நம்பிக்கை. அப்பாவிடம் எட்டு வரிசை கேட்டாள். நான்கு வரிசைக்குப் பச்சைத் துணி கட்டினாள். அதற்கு அவளுடைய பொடியைக் கரைத்து அடிக்க வேண்டும். இன்னொரு நான்குக்குச் சிவப்புத் துணி. அதில் எதுவுமே படக்கூடாது. ஒன்றுமே செய்யாத வரிசையோடு ஒப்பிட்டால்தானே பொடி வேலை செய்ததா என்று தெரியும்? "என்ன ஆனாலும் சரி, சிவப்புத் துணியைத் தொடவே கூடாதுப்பா" என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவாள். வாரம் ஒருமுறை வந்து இலைகளை எண்ணுவாள்.

முதல் மூன்று வாரம் பச்சையிலும் வெள்ளை படர்ந்தது, சிவப்பிலும் படர்ந்தது. உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிற நேரம். சாப்பிட உட்கார்ந்தவள் தட்டைப் பார்த்தபடியே அழுதாள். அடுத்த இரண்டு வாரத்தில் கதை மாறியது. பச்சைத் துணி வரிசைகள் புதுத் துளிர் விட்டு நின்றன. சிவப்பு வரிசைகள் முழுக்கக் கருகிப்போயின. பாக்டீரியா இலையில் நிலைகொள்ளக் கொஞ்சம் காலம் எடுத்திருக்கிறது என்று எழுதினாள். வழிகாட்டிப் பேராசிரியர் அதை நல்ல பத்திரிகைக்கு அனுப்பினார். வேலை கிடைத்தது. கட்டுரையின் கடைசியில், தோட்டத்தைப் பராமரித்த விவசாயி ஒச்சாண்டிக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பக்கத்தை அவர் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். ஆங்கிலத்தில் தன் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் அவருக்கு விரல் வைத்துக் காட்டத் தெரியும்.

ஒன்றுதான் உறுத்தியது. அந்த முடிவு முனீஸ்வரிக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை. வேறு தோட்டங்களில் வேறு பருவங்களில் செய்து பார்த்தாள். பொடி ஏதோ கொஞ்சம் வேலை செய்தது, சில சமயம் அதுவும் இல்லை. தோற்றுப்போன சோதனையை எந்தப் பத்திரிகையும் வாங்காது, அதனால் எந்த எண்ணும் ஏறாது. அதையெல்லாம் கணினியில் ஒரு மூலையில் போட்டு வைத்தாள். மழை கூடுதல், மண் வேறு, தண்ணீரில் உப்பு என்று தனக்குத்தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்துத் தோட்டத்து ஈஸ்வரபாண்டிக்கும் அதே காரணத்தைத்தான் சொன்னாள். உறவில் சித்தப்பா முறை. மூன்று வருடத்துக்கு முன்னால், நம்ம பிள்ளை கண்டுபிடித்தது என்று கடை மருந்தை நிறுத்திவிட்டு அவள் பொடியை மட்டும் நம்பி இறங்கினார். பந்தல் மொத்தமும் போயிற்று. முனீஸ்வரி போய்ப் பார்த்துவிட்டு, பொடியைக் கரைத்த பக்குவம் சரியில்லை, வெயில் ஏறியபின் அடித்திருக்கிறீர்கள் என்றாள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் கொடியைப் பிடுங்கிவிட்டு முருங்கை வைத்தார்.

இந்த வைகாசியில் பேராசிரியர் பதவிக்கு நேர்முகத் தேர்வு அறிவித்தார்கள். எண்களை வைத்துப் பார்த்தால் அது முனீஸ்வரிக்குத்தான் என்று கல்லூரி முழுக்கப் பேச்சு. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் பிடித்த பால்கோவாவோடு போய்ச் செய்தியைச் சொன்னாள். ஒச்சாண்டிக்கு எழுபத்தாறு வயது. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. சட்டம் போட்ட பக்கத்தை ஒருமுறை பார்த்தார், மகளை ஒருமுறை பார்த்தார். சின்னப் பிள்ளை திருட்டுத்தனத்தைச் சொல்வதுபோலச் சிரித்தார்.

"அன்னைக்கு மட்டும் நான் சும்மா இருந்திருந்தா ஒம் பொடி கதை அத்தோட முடிஞ்சிருக்கும், ஆத்தா."

"என்னப்பா சொல்றீங்க?"

"பச்சத் துணி வரிசையைத்தேன் சொல்றேன். நீ அழுதுட்டு மருதைக்குப் போனியா, மறுநாளே அடிச்சேன். அடுத்த வாரம் இன்னொரு தடவை. மயில்துத்தம் அடிச்சா இலையில நீலமாத் தெரிஞ்சுரும்ல. அதேன் பாளையத்துக் கடையில நெறம் தெரியாத மருந்தாக் கேட்டு வாங்கியாந்தேன்."

முனீஸ்வரி பால்கோவா டப்பாவைக் கீழே வைத்தாள். சிவப்புத் துணி, என்று மட்டும் அவளால் கேட்க முடிந்தது.

"அதை நான் தொடவே இல்ல. நீ தொடக்கூடாதுன்னு சொல்லிட்டுப் போனேல்ல? அங்கன நாலு வரிசையும் கண்ணு முன்னாடி கருகுது. கை துடிச்சுச்சு. தொட்டேனா? சொன்ன சொல்லு தவறல. பச்சைன்னா மருந்து போடுற வரிசைதான? மருந்து போடுற வரிசைக்கு மருந்து போட்டா என்ன தப்பு?"

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்பா பொய் சொல்லவில்லை, ஏமாற்றவில்லை, அவள் சொன்ன சொல்லை எழுத்துக்கு எழுத்து காப்பாற்றியிருக்கிறார். சிவப்பைத் தொடாதே என்றவள் பச்சையில் வேறெதையும் தெளிக்காதே என்று சொல்லவில்லை. எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒரு எச்சரிக்கை இல்லை, ஏனென்றால் மகள் தட்டின் முன்னால் அழுததைப் பார்த்த விவசாயியை மனதில் வைத்து யாரும் ஆராய்ச்சிப் புத்தகம் எழுதுவதில்லை. பதினான்கு வருடம் அவள் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டிருந்த வெற்றி ஏதோ ஒரு கம்பெனியின் பூஞ்சைமருந்துப் புட்டியுடையது. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து உள்ளே போனாள்.

வேதியியல் துறை ஜெபஷீலா அவளுக்கு நெருங்கிய தோழி. திங்கட்கிழமை முதலில் அவளிடம் சொன்னாள். ஜெபஷீலா கதவைச் சாத்திவிட்டு, இதை யாரிடமும் மூச்சுவிடாதே என்றாள். வயதானவர் எதையோ நினைத்துக்கொண்டு எதையோ சொல்கிறார், அதை வைத்து வாழ்க்கையை அழித்துக்கொள்வாயா என்று கேட்டாள். ஓய்வுபெற்றுவிட்ட வழிகாட்டி போனில் இன்னும் சுருக்கமாக முடித்தார். உங்கப்பா சொன்னதெல்லாம் ஒரு டேட்டாவா என்றார்.

முனீஸ்வரிக்கு அது டேட்டாதான் என்று தெரியும். தோற்ற சோதனைகள் எல்லாம் கணினி மூலையில் கிடந்து அதையேதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தன. அவளுக்குத் தூக்கம் போனது அந்த எண்ணால்தான். அப்பா வாராவாரம் கொண்டாடிய இருநூற்று அறுபத்து மூன்று பேர். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் எத்தனை விவசாயிகளிடம் பொடியைக் கொடுத்தார்களோ. பந்தல் கருகியதும், நீ கரைத்த பக்குவம் சரியில்லை என்று எத்தனை பேர் சொன்னார்களோ.

கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாள். விசாரித்து முடிவு சொல்லப் பல மாதம் ஆகும் என்று பதில் வந்தது. நேர்முகத் தேர்வு அதற்கு முன்னாலேயே இருந்தது. பேசாமல் போய் உட்கார்ந்திருந்தால் பதவி கிடைத்திருக்கும். அவள் போகவில்லை. விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு ஓடைப்பட்டிக்கு வண்டியை விட்டாள். அப்பா வீட்டுக்குப் போகாமல் நேராக ஈஸ்வரபாண்டி தோட்டத்துக்குப் போனாள்.

பழைய பந்தலின் கல்தூண்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே முருங்கை. ஈஸ்வரபாண்டி காய் பறித்துக்கொண்டிருந்தார். முனீஸ்வரி எதையும் மறைக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உங்கள் பக்குவத்தில் எந்தப் பிழையும் இல்லை, பொடியில்தான் பிழை, என்னில்தான் பிழை என்றாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மூணு வருசமா எங் கையிலதேன் கோளாறுன்னு நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன், ஆத்தா" என்றார் கடைசியில். "கொடி வைக்கவே மனசு வரல. இந்தக் கை வச்சா வெளங்காதுன்னு இருந்துட்டேன்."

முனீஸ்வரி அவர் காலைத் தொடக் குனிந்தாள். அவர் விலகிக்கொண்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும் கூப்பிட்டார்.

"அண்ணங்கிட்ட இதைச் சொல்லிராத. தாங்கமாட்டாக."

கார்த்திகையில் முடிவு வந்தது. கட்டுரையின் ஒவ்வொரு பக்கத்தின் மேலும் திரும்பப் பெறப்பட்டது என்று சிவப்பு எழுத்து குறுக்கே ஓடியது. கட்டுரை எழுதியவருக்குத் தெரியாமல் ஒருவர் சோதனை வரிசைகளில் வேறு மருந்து தெளித்துவிட்டார் என்று கீழே காரணம் போட்டிருந்தார்கள். அந்த ஒருவரின் பெயரைக் கேட்டுப் பத்திரிகை இருமுறை எழுதியது. முனீஸ்வரி கொடுக்கவில்லை. கல்லூரிப் பலகையில் அவள் படம் இருந்த இடத்தில் இரண்டு ஆணித்துளைகள் மட்டும் இருந்தன. பதவி வேறொருவருக்குப் போயிற்று. அந்த மனிதரின் நூற்றுச்சொச்சம் மேற்கோள்களில் பாதி அவரே தன் கட்டுரைகளை மேற்கோள் காட்டிக்கொண்டது. எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

இன்னொன்றும் எண்ணுக்குத் தெரியவில்லை. கட்டுரை செத்துப்போனது அதற்குத் தெரியவில்லை. யார் யாரோ, எந்தெந்த ஊரிலிருந்தோ, சிவப்பு எழுத்து ஓடிய பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய பட்டியலிலிருந்து அப்படியே எடுத்துத் தங்கள் கட்டுரைகளில் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எழுதி, அது தவறு, எடுத்துவிடுங்கள் என்று முனீஸ்வரி கேட்டாள். சிலர் நன்றி சொன்னார்கள். பலர் பதிலே போடவில்லை. எண் ஏறிக்கொண்டே போயிற்று.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மழைத் தூறலில் நனைந்தபடி வண்டியை நிறுத்தினாள். ஒச்சாண்டி வாசலில் நின்றிருந்தார்.

"இப்ப எத்தனை பேரு?"

பொய் சொல்லலாமென்றுதான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தாள். பொய் தேவைப்படவில்லை.

"இருநூத்து எழுபத்தொண்ணுப்பா."

"வைகாசியிலேர்ந்து எட்டுக் கூடியிருக்கா!" அவர் முகம் மலர்ந்தது. பதவி ஏன் தள்ளிப்போகிறது என்று போன மாதம் ஒருமுறை கேட்டிருந்தார், அடுத்த வருடம் ஆகலாம் என்று சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவரே அவளுக்குத் தேறுதல் சொன்னார். எண் இப்படிக் கூடிக்கொண்டே போனால் எத்தனை நாளைக்குத்தான் கொடுக்காமல் இருப்பார்கள் என்றார். துண்டை எடுத்து அவள் தலையைத் துவட்டினார். துவட்டிக்கொண்டே சுவரில் இருந்த சட்டத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் அந்த மருந்தை அடிக்காம இருந்திருந்தா இதெல்லாம் உண்டுமா? நீயே சொல்லு."

துண்டுக்கு அடியில் முகம் இருந்தது வசதியாகப் போயிற்று.

"நல்லவேளை அடிச்சீங்கப்பா" என்றாள்.

ஒச்சாண்டி துண்டை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார்.