சக்கர நாற்காலியைப் பெற்றுக்கொண்டவர்

உதயம் சேவா கிளப் எதைக் கொடுத்தாலும் படம் எடுத்துத்தான் கொடுக்கும். அரிசி, மூக்குக்கண்ணாடி, தையல் மெஷின் என்று பொருள் மாறுமே தவிர முறை மாறாது. கொடுப்பவர் வலப்பக்கம், வாங்குபவர் இடப்பக்கம், இருவர் கையும் பொருளில் பட்டிருக்க வேண்டும். கொடுப்பவர் சிரிக்கலாம். வாங்குபவர் சிரிக்கக் கூடாது. யாரும் இதைச் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் மனு, "சேச்சி, கொஞ்சம் சங்கடமா நில்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் பிறகு பிளெக்ஸ் ஆகி உதியன்குளங்கரை ஜங்ஷனில் நிற்கும். ஏழைகளுக்கு உதயத்தின் உதவி என்று மலையாளத்தில் மேலே பெரிதாக எழுதியிருக்கும்.

கிளப் நல்ல காரியம் செய்கிறது என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நெய்யாற்றின்கரையில் எந்த ஆஸ்பத்திரியில் ரத்தம் வேண்டுமென்றாலும் ஆட்கள் போவார்கள். மழையில் ரோட்டுக்குக் குறுக்கே மரம் விழுந்தால் வெட்டுக்கத்தியோடு முதலில் வருவது அவர்கள்தான். ஆனால் அந்த பிளெக்ஸில் முகம் வர யாரும் விரும்புவதில்லை என்பது மட்டும் அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

ஜங்ஷனில் தையல் கடை வைத்திருக்கும் புஷ்பபாய், ஸ்கூட்டரோடு ஓடையில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். மகள் ஜினியின் நிச்சயம் நெருங்கிவிட்ட நேரம். ஞாயிற்றுக்கிழமை குளத்தூர் சபையில் நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மார்த்தாண்டத்துக்காரர்கள். ஜினிக்கு அப்பா இல்லை. ஜெபத்தின்போது பக்கத்தில் இருக்க வேண்டியது புஷ்பபாய்தான். மாவுக்கட்டு பிரிக்கும்வரை காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாடகைக்குக் கொடுக்கும் கடையில் சக்கர நாற்காலிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. கிளப் அறையில் மட்டும் ஒன்று பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் நின்றது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் ஷிபு என்ற உறுப்பினர் அனுப்பியது.

ஜினி போய்க் கேட்டாள். கிளப் செயலாளர் கனகதாஸுக்கு மிகுந்த சந்தோஷம். "அதுக்கென்ன மக்கா, சனியாழ்ச்ச ஜங்ஷன்ல நம்ம பரிபாடி உண்டு. அம்மைய ஸ்டேஜுக்குக் கொண்டு வா" என்றார்.

புஷ்பபாய் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். அன்று மாலையே கனகதாஸும் தலைவர் தாணுவும் அவர் வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, ஒரு படம்தானே" என்றார் கனகதாஸ்.

"எலே தாசு, போன வருஷம் லிஷாவுக்கு மெஷின் கொடுத்தியளே, அந்தப் படம் எவ்வளவு நாள் ஜங்ஷன்ல நின்னுது? அவளுக்க மவளப் பெண்ணு பாக்க வந்தவிய பஸ்ஸு இறங்கினதும் அதத்தான் பாத்தாவ. வீட்டுக்கு வந்து காப்பியும் குடிக்கல்ல."

தாணு தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஜங்ஷனில் ஓட்டல் நடத்துபவர். அந்த பிளெக்ஸ் அவர் கடை வாசலில்தான் நின்றது.

"எனக்குக் காலு ஒடிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் புஷ்பபாய். "கட்டு பிரிச்சா சாதனத்தத் திருப்பித் தருவேன். இதுக்கு எனக்க மொகம் எதுக்கு?"

"திருப்பித் தாற வழக்கம் நம்ம கிளப்புல இல்லியே" என்று கனகதாஸ் உண்மையாகவே குழம்பினார். "கொடுத்தா கொடுத்ததாக்கும். பின்ன ஷிபு சாதனம் அனுப்பியிருக்கான். கொடுக்கியவனும் வாங்கியவனும் இல்லாத படத்த அவனுக்கு எப்படி அனுப்ப?"

கடைசியில் தாணு ஒரு வழி சொன்னார். புஷ்பபாய் மேடைக்கு வர வேண்டாம், பெயரும் வாசிக்க வேண்டாம். படத்தில் அவருடைய கை மட்டும் வரும். புஷ்பபாய் தன் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கை மட்டும். வளையல் போட்டுட்டு வாறேன்."

சனிக்கிழமை நிகழ்ச்சி நன்றாகவே நடந்தது. வரவேற்புரையிலேயே பாதி நேரம் போனாலும் யாரும் கலைந்து போகவில்லை. பின்னால் பாயசம் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். புஷ்பபாயின் ஆட்டோ மேடைக்கு ஒதுக்குப்புறமாக வந்து நின்றபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. சக்கர நாற்காலி கொடுக்கப் போட்ட மேடைக்கு ஏறும் வழி முழுவதும் படிகள்.

"முதல்ல ஸ்டேஜுக்கு வரச் சொன்னியளே, இதுல நான் எப்படி ஏறுவேன்னு நினைச்சிய?" என்று ஆட்டோவுக்குள்ளிருந்து கேட்டார் புஷ்பபாய்.

கனகதாஸ் மேடையைப் பார்த்தார். "அத ஆரும் ஆலோசிக்கல்ல அக்கா."

நாற்காலியைக் கீழே இறக்கிக் கொண்டுவந்தார்கள். கூடவே மனு கேமராவோடு வந்தார். வந்தவர் கையைப் பார்க்கவில்லை, முகத்துக்கு நேராகக் கேமராவைப் பிடித்தார்.

"கை மட்டுமாக்கும் பேச்சு" என்றார் புஷ்பபாய்.

கனகதாஸ் குரலைத் தாழ்த்தினார். "ஷிபு விளிச்சான் அக்கா. கைய மட்டும் பாத்தா ஆளு ஆருன்னு தெரியாதேங்கியான். ஒண்ணே ஒண்ணு. பிளெக்ஸுல போடமாட்டோம்."

"பின்ன எங்க போடுவிய?"

"குரூப்புல மட்டும்."

புஷ்பபாய் டிரைவரின் தோளைத் தட்டினார். "வண்டிய எடு."

பக்கத்தில் இருந்த ஜினி, "அம்மா, நாளைக்கு என்ன செய்ய?" என்றாள்.

"நீ சபையில நில்லு. நான் வீட்டுல இருந்து ஜெபிக்கேன்."

டிரைவர் சாவியைத் திருப்பினார். தாணு ஆட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "படம் கெடக்கட்டும். முதல்ல சாதனம் உனக்கு வசதியா இருக்கான்னு இருந்து பாரு."

"பிரேக்கு பிடிக்குமா? இங்க சரிவாக்கும்."

"நல்லா பிடிக்கும்" என்றார் கனகதாஸ்.

"அப்ப தாணு அண்ணன் இருந்து காட்டட்டும்."

தாணு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பக்கத்து பிரேக்கில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை. நாற்காலி ஒரு சக்கரத்தில் திரும்பி, ஓடையைப் பார்த்து மெதுவாக உருண்டது. தாணுவின் வாய் திறந்ததே தவிர சத்தம் வரவில்லை. புஷ்பபாய் ஆட்டோவிலிருந்து எட்டி, பின்னால் இருந்த கைப்பிடியைப் பிடித்து நிறுத்தினார். பிடித்த வேகத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மனு பழக்கத்தில் ஷட்டரை அழுத்தியிருந்தார். படத்தைப் பார்த்ததும் அவருக்கும் அடக்க முடியவில்லை. கனகதாஸ் வாங்கிப் பார்த்தார். வலப்பக்கம் பட்டுச் சேலையில் ஒரு பெண் சிரித்துக்கொண்டு நாற்காலியைக் கொடுக்கிறார். இடப்பக்கம் ஒரு மனிதர், உலகத்தில் தனக்கு யாருமே இல்லை என்ற முகத்தோடு அதை வாங்கிக்கொள்கிறார். இத்தனை வருஷத்தில் மனு இவ்வளவு நன்றாக ஒரு படம் எடுத்ததில்லை.

"இத அழிச்சுட்டு வேற எடு மனு" என்றார் கனகதாஸ்.

"தாடா இங்க." தாணு கேமராவை வாங்கித் தன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். இதே முகத்தைத்தான் இத்தனை நாளும் பிறரிடம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தோம் என்று தோன்றியிருக்கலாம். "கொடுக்கியவளும் உண்டு, வாங்கியவனும் உண்டு. ஷிபுவுக்கு இது போதும். அனுப்பு."

"தலைவரே, ஆளுக என்ன நினைக்கும்?"

"எனக்குக் காலு சுகமில்லன்னு நினைக்கும். நினைக்கட்டு."

ஆட்டோவை அணைக்கச் சொன்னார் புஷ்பபாய். கனகதாஸ் உறையைக் கிழித்து, இரண்டு பிரேக்கையும் இரண்டு தடவை போட்டுப் பார்த்த பிறகு, அவரும் ஜினியுமாகச் சேர்ந்து புஷ்பபாயை நாற்காலிக்கு மாற்றினார்கள். அப்படியே பாயசம் பரிமாறும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு போனார்கள்.

படம் ஷிபுவுக்குப் போனது. ஷிபுவிடமிருந்து ஊருக்கெல்லாம் போனது. "தாணு அண்ணனுக்கு எப்பளாக்கும் இப்படி ஆச்சு? ஒரு வார்த்தை சொல்லல்லியே" என்று மஸ்கட்டிலிருந்து கலங்கிய குரலில் செய்தி வந்தது. சாயங்காலம் தாணுவின் வீட்டுக்கு ஆரஞ்சும் ரொட்டியுமாக ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர் மனைவி விலாசினி முதல் இரண்டு பேரிடம் விளக்கம் சொல்லிப் பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டுப் பழங்களை வாங்கி வைக்க ஒரு பாத்திரம் எடுத்து வந்தார்.

மறுநாள் குளத்தூர் சபையில் புஷ்பபாயின் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தது தாணுதான். ஜெபம் நல்லபடியாக முடிந்தது. ஜினி தலை நிமிர்ந்தபோது அம்மா பக்கத்தில் இருந்தார். சாப்பாட்டுக்குப் போகும் வழியில் மாப்பிள்ளையின் அப்பா தாணுவை மேலும் கீழும் பார்த்தார்.

"போன்ல படம் பாத்தேன். இந்த நாற்காலிய உங்களுக்கில்லியா கொடுத்தாவ?"

புஷ்பபாய் மடியில் கையைக் கோத்துக்கொண்டார்.

"எனக்குத்தானாக்கும்" என்றார் தாணு. "ஒரு ராத்திரி இருந்தேன், காலு சுகமாச்சு. பின்ன இவியளுக்குக் கட்டு பிரிக்கியது வரைக்கும் இருக்கட்டும்னு கொடுத்தேன்."

"ஒரு ராத்திரியிலயா?"

"நல்ல சாதனமாக்கும்."

மாப்பிள்ளையின் அப்பா நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தார். பிறகு தாணுவின் பக்கம் சாய்ந்தார். "எனக்க அண்ணனுக்கு மூட்டு ஆப்பரேஷன் வருது. இவியளுக்க ஆவசியம் கழிஞ்சா அங்கயும் கொஞ்ச நாளைக்குக் கிட்டுமா?"

"கிட்டும்" என்றார் பின்னால் வந்துகொண்டிருந்த கனகதாஸ். நாக்கு பழக்கத்தை விடவில்லை. "ஒரு படம் மட்டும் எடுக்கணும்."

"அதுக்குத் தாணு அண்ணன் இருப்பாரு" என்றார் புஷ்பபாய்.