நடுத்தாள்

ஈரமான ஒரு கால் வாசற்படிமேல் இருக்கிறது, இன்னொரு கால் கட்டத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது, மழை சாய்ந்த கோடுகளாக விழுகிறது, நான்தான் வரைந்தேன், இந்தக் கையால்தான் மையைத் தொட்டு வரைந்தேன், ஆனாலும் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிற கல்லூரிப் பெண் புத்தகத்தை மூடிக்கொண்டே, கடைசியில அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்துர்றார்லா, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்குக்கா, என்று சொன்னபோது அந்தக் கால் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று எனக்கே தெரியாமல் போயிற்று. வரவில்லையே, போய்விட்டானே, அவன் போவதோடுதானே கதை முடிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் அவள் பக்கத்து மேசையில் ஆல்வினுடைய பேய்க் கதையைப் புரட்டப் போய்விட்டாள். பாளையங்கோட்டையில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹால் இது, கரும்பலகையில் நேற்றைய கணக்கு பாதி அழிந்தும் அழியாமலும் இருக்கிறது, சொந்தமாகக் காமிக்ஸ் வரைந்து, சொந்தமாக ஜெராக்ஸ் எடுத்து, சொந்தமாகப் பின் அடித்து, சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு வாங்கவைக்கிற சந்தை, மின்விசிறி போட்டால் தாளெல்லாம் பறக்கிறது, போடாவிட்டால் வியர்வை சொட்டிப் படத்தில் விழுகிறது, அதனால் எல்லா மேசையிலும் புத்தகங்களின் மேல் தண்ணீர் பாட்டிலோ டிபன் பாக்ஸோ உட்கார்ந்திருக்கிறது, ஒரு பொடியன் என் மேசைக்கு வந்து, இதுல சண்டை உண்டா என்று கேட்டான், உண்டு, அப்பாவுக்கும் மகனுக்கும் என்றேன், அது எங்க வீட்லயே இருக்கு என்று போய்விட்டான்.

டிபன் பாக்ஸைத் தூக்கிவிட்டு ஒரு பிரதியை எடுத்துப் புரட்டினேன், அப்போதுதான் தெரிந்தது, தாள்கள் மாறியிருக்கின்றன. எங்கள் புத்தகம் அவ்வளவு சின்னது, மூன்றே தாள், மூன்றையும் குறுக்கே மடித்து, வெளித்தாளுக்குள் நடுத்தாள், நடுத்தாளுக்குள் உள்தாள் என்று ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி முதுகில் பின் அடித்தால் முடிந்தது, இதில் நடுத்தாளும் உள்தாளும் இடம் மாறிப் போயிருந்தன, முன்பாதியில் அண்ணன் எனக்கு சைக்கிள் பழக்கிவிடுவதும் நாங்கள் ஓணான் தேடிப் போவதும் முன்பின்னாக வந்தன, அதை யார் கவனிக்கப் போகிறார்கள், ஆனால் பின்பாதியில், அண்ணன் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, பிறகு அப்பாவோடு சண்டை போட்டுப் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போகவேண்டியவன், முதலில் சண்டை போட்டுப் படியிறங்கி, அடுத்த பக்கத்தில் தலையைத் துவட்டாமல் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், ரசஞ்சோற்றைப் பிசைகிறான், அதற்கடுத்த கடைசிப் பக்கத்தில் திறந்த கதவும் விளக்கு வெளிச்சமும். பக்க எண் போடுங்கக்கா என்று ஆல்வின் தலைபாடாக அடித்துக்கொண்டான், எண் போட்டால் படம் கெட்டுப்போகும் என்று பெரிய ஓவியர் மாதிரி பேசினேன், இப்போது அனுபவிக்கிறேன். எல்லாப் பிரதியும் அப்படித்தான், தாள்களை மடித்துச் செருகிக் கொடுத்தது அம்மா, படத்தை ஏறிட்டும் பார்க்காமல் மடிக்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன், கைக்கு வந்ததை வந்தபடி பின் அடித்தது ஆல்வின், பேய்க் கதை வரைகிறவனுக்குச் செத்தவன் எழுந்து வந்து சாப்பிட்டாலும் கதைதானே.

செத்தவன் என்று ஏன் சொன்னேன், நாயகம் சாகவில்லை, கோமதிநாயகம், என் அண்ணன், அவன் போனான், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும், கொஞ்ச காலம் யார்யாரோ அவனைத் திருப்பூரில் பார்த்ததாகச் சொன்னார்கள், பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அந்த மழைநாளில் காய்ச்சலில் கிடந்தேன், முன்னறையில் பாய் போட்டு இரண்டு போர்வைக்குள், மாத்திரை போட்டு மாத்திரை போட்டு, அப்பா கத்துகிறார், வாங்கிக்கொடுத்த குடோன் வேலைய விட்டுட்டு வந்து நிக்கியே, இனி இந்த வாசப்படிய மிதிச்சா கால ஒடிச்சிருவேன், நான் கண்ணைத் திறக்கிறேன், அண்ணன் சாப்பிடுகிறான், கண்ணை மூடுகிறேன், திறக்கிறேன், பை இருக்கிறது, கால் இருக்கிறது, மூடுகிறேன், கூரையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் என் கன்னத்தில் விழுகிறது, சில்லென்று, திறந்தால் யாரும் இல்லை. அந்தச் சொட்டையும் முதலில் ஒரு கட்டமாக வரைந்தேன், அப்புறம்தான் யோசித்தேன், எங்கள் வீடு தளம் போட்ட வீடு, அது ஒழுகியதே இல்லை, ஆகவே காய்ச்சல் கனவு என்று அடித்துவிட்டேன், யாரிடமும் அதைச் சொன்னதுமில்லை. மற்றதை நானாக வரிசைப்படுத்திக்கொண்டேன், போனவன் எப்படி உட்கார்ந்து சாப்பிடமுடியும், சாப்பிட்டுவிட்டுத்தானே போயிருப்பான், போகும்போது என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு செல்லம் கொடுத்தவன், காய்ச்சலில் கிடக்கிற தங்கச்சியின் நெற்றியைத் தொட்டுப் பார்க்காமல் போனான், இத்தனை வயதாகியும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இந்தப் புத்தகத்தை நான் அம்மாவுக்காகத்தான் வரைந்தேன். அடுத்த மாதம் எனக்கு சென்னையில் வேலை, பெரம்பூரில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று, அப்பாவும் போன வருஷம் கண்ணை மூடிவிட்டார், அம்மா மட்டும் வரமாட்டேன் என்கிறாள், அவன் வந்து பூட்டின வீட்டப் பாத்துட்டு எங்கட்டி போவான், என்பாள், எத்தனை தடவை பேசினாலும் அந்த இடத்தில் வந்து நின்றுவிடும், சரி, வாயால் சொல்ல முடியாததைப் படமாகச் சொல்லுவோம், அவன் போய்விட்டான், கதவு திறந்தே கிடந்தும் வரவில்லை, இதுதான் முடிவு, பார்த்துக்கோ, என்று அவள் கையில் கொடுக்கத்தான் இத்தனை பாடு, அவள் இன்று சாயங்காலம் சந்தைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள், நான் என்னடாவென்றால் அண்ணனை வீட்டுக்குள் உட்காரவைத்துச் சோறு போட்டு வைத்திருக்கிறேன். நகத்தால் பின்னை நெம்பினேன், யக்கா, பிடுங்காதீங்க, அட்டை கிழிஞ்சிரும், ஒரு துண்டுச்சீட்டு எழுதிச் செருகிருவோம், என்று ஆல்வின் கத்துகிறான், நான் கேட்கவில்லை, ஒரு பிரதியைப் பிரித்து, தாளை மாற்றிச் செருகி, பழைய ஓட்டையிலேயே பின்னைக் குத்தி மடக்கினேன், விரலில் ரத்தம் வந்தது, அண்ணன் ஒழுங்காகப் போனான்.

அம்மா வந்தாள், நல்ல சேலை கட்டி, மடக்குக் குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன தம்பி, யாவாரமெல்லாம் ஆகுதா என்று ஆல்வினை விசாரித்துவிட்டு என் நாற்காலியில் உட்கார்ந்தாள், நான் திருத்திய பிரதியைக் கையில் கொடுத்தேன். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் புரட்டினாள், சைக்கிளைப் பார்த்துச் சிரித்தாள், அப்பா மீசையை நான் பெரிதாக வரைந்திருப்பதைப் பார்த்தாள், பின்பாதிக்கு வந்தாள், நின்றாள், முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள், இவ்வளவுதான், இப்போது அழப் போகிறாள் என்று நினைத்தேன், ஏட்டி, இத யாரு மாத்தி வச்சா, என்றாள். மாத்தலம்மா, சரியாக்கியிருக்கேன், நீ செருகும்போது தப்பா வச்சிட்டே, என்றேன். நான் தப்பா வைக்கலட்டி, நீ கொடுத்த மாதிரிப் புத்தகத்துலதான் தப்பா இருந்துச்சு, சாப்பிட்டுட்டா போனான், போயிட்டுல்லா வந்து சாப்பிட்டான்.

ஹாலில் யாரோ மின்விசிறியைப் போட்டார்கள், எல்லா மேசையிலும் தாள்கள் எழும்பின, எல்லாரும் இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டார்கள், நானும் அமுக்கிக்கொண்டு நிற்கிறேன், அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள், பையத் தூக்கிட்டு எறங்கிப் போனாம்லா, உங்கப்பா வேலைக்குப் போற வரைக்கும் தெருமுக்குல மழையில நின்னுருக்கான், அவரு சைக்கிள் போனதும் வந்தான், பசிக்குதும்மான்னான், சோறு போட்டேன், நீ காய்ச்சல்ல கெடந்தே, எழுப்பட்டுமான்னேன், வேண்டாம்மா, அவ அழுவான்னான், தலையக்கூடத் தொடைக்கல, அப்படியே குனிஞ்சு உன் நெத்தியத் தொட்டுப் பாத்தான், அவன் தலையில இருந்து தண்ணி உன் கன்னத்துல சொட்டுச்சு, நீ மொகத்தச் சுளிச்சே. எனக்குக் கன்னம் சில்லென்று ஆனது, அன்றா இன்றா, நான் பாயில் கிடக்கிறேனா மேசைக்குப் பின்னால் நிற்கிறேனா, தளம் ஒழுகவில்லை, அண்ணன்தான் ஒழுகியிருக்கிறான். ஏம்மா இதை என்கிட்ட சொல்லல, என்று கத்தினேன், நிஜமாகவே கத்திவிட்டேன், பேய்க் கதை வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு அந்த மனுசன் சொன்ன வீட்ல சோறு போட்டு அனுப்பிருக்கேன், நீ சின்னப்புள்ள, ஒளறிருவே, பொறவு நாளாக நாளாக வாய் வரலட்டி, என்றாள் அம்மா. அழுதது அவள் இல்லை, நான்தான்.

அவள் என்னை அழவிட்டுவிட்டு, திருத்தாத பிரதிகளிலிருந்து ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள், இதெல்லாம் எங்கெங்க போகும். மதுரைக்குப் போகும்மா, கோயம்புத்தூர்ல இதே மாதிரி ஒரு சந்தை இருக்கு, திருப்பூர்ல இருந்துகூட ஆளுங்க வருவாங்க, என்றான் ஆல்வின். அப்போ இப்படியே இருக்கட்டும் தம்பி, சின்ன வயசுலயே படக்கதைன்னா உயிர விடுவான், அவன் கையில என்னிக்காவது கிடைச்சா, நான் சோறு போட்டத மறந்துட்டேன்னு நெனைச்சிரக் கூடாதுல்லா, என்று சொல்லிவிட்டுப் பின்னட்டையைத் திருப்பினாள், அங்கே எங்கள் வீட்டு முகவரி அச்சாகியிருக்கிறது, அதன்மேல் விரலை வைத்தாள். இதை அடிச்சிட்டு மெட்ராஸ் முகவரிய எழுதுட்டி, என்றாள், எனக்கு முதலில் விளங்கவில்லை, எதுக்கு என்றேன், வாரவன் அங்க வரட்டும், நான் அங்கதான இருப்பேன், என்றாள்.

இப்போது ஒவ்வொரு பிரதியாக எடுத்துப் பின்னட்டையில் முகவரியை அடித்துப் பெரம்பூர் என்று எழுதுகிறேன், அம்மா மை காய ஊதி ஊதி அடுக்குகிறாள், ஊதியது போதும் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள், எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் பிரித்து, படிமேல் இருக்கிற அந்தக் காலுக்கு மேலே, கட்டத்தின் விளிம்பில் தலைமயிர் கொஞ்சம் தெரிகிற இடத்தில், பேனாவால் ஒரு சொட்டு வரைகிறேன், இன்னும் விழவில்லை, விழப்போகிறது. ஒருவர் குனிந்து பார்க்கிறார், கண்ணாடி போட்டவர், தோளில் பையோடு, இவர் உள்ள வாராரா வெளிய போறாராம்மா, என்று கேட்கிறார், நான் அம்மாவைப் பார்க்கிறேன், அவள் ஊதிக்கொண்டிருக்கிறாள், வாரான் சார், என்கிறேன்.