மகள் இருக்கிற வீடு

"இது திருட்டுச் சட்டை. நான் போட மாட்டேன்" என்றார் இன்கேவ்.

சட்டை அவருடையதுதான். போன வருஷம் புத்தாண்டுக்குப் புவாலாயே வாங்கிக் கொடுத்த நீலச் சட்டை. மூன்றாவது தடவையாக அவள் அவர் கையை அதில் நுழைக்கப் பார்த்தபோது, அவர் மகளின் விரலைப் பிடித்துக் கடித்தார். வாயில் பல் அதிகம் மிச்சமில்லாததால் ரத்தம் வரவில்லை. புவாலாய் விரலை உதறிவிட்டு மறுபடி சட்டையை விரித்துப் பிடித்தாள். கோபப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவளிடம் தீர்ந்துபோய் ரொம்ப நாளாகிவிட்டது.

வாசலில் சைட்கார் வைத்த மோட்டார் சைக்கிளோடு வந்தனி காத்திருந்தாள். ஊர்ச் சுகாதாரத் தொண்டர். வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்ப்பாள், கொசு மருந்து போடுவாள். ஊராட்சியில் யாருக்கு எங்கே வலிக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. எட்டரைக்கு மேடையேற வேண்டுமாம், முதல் விருதே புவாலாய்க்குத்தானாம் என்று அவள் வாசலிலிருந்தே அவசரப்படுத்தினாள்.

விருதின் பெயர் 'நன்றியுள்ள மகள்'. புத்தாண்டுக்கு முந்தின வாரம் ஊராட்சி நடத்தும் முதியோர் விழாவில் வருஷத்துக்கு ஒருத்திக்குக் கொடுப்பார்கள்.

அன்றைக்கே பத்தரை மணிக்கு நகரத்து ஆஸ்பத்திரியில் புவாலாய்க்கு ஸ்கேன் எடுக்க வேண்டும். இடது மார்பில் ஒரு கட்டி. ஐந்து மாதமாக இருக்கிறது. இரண்டு தடவை தேதி கொடுத்தார்கள், இரண்டு தடவையும் அவளால் போக முடியவில்லை. முதல் தடவை, விடியற்காலையில் இன்கேவ் எழுந்து போய் வாய்க்கால் மதகைத் திறந்துவிட்டார். முப்பது வருஷம் அந்த வாய்க்காலுக்கு மடைக்காரராக இருந்த மனிதர். வீடு மறந்தாலும் மதகு மறக்கவில்லை. பக்கத்துக்காரன் பூண்டு வயல் முழுகிப்போனது. அன்று பூராவும் அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிந்தாள். இரண்டாவது தடவை, துணைக்கு உட்காருகிறேன் என்று வந்த சித்தி மகளை அவர் செத்துப்போன மனைவியின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் பயந்து அரை மணி நேரத்தில் ஓடிவிட்டாள். இந்த முறையும் வராவிட்டால் பெயரை அடித்து வரிசையின் கடைசியில் போடுவோம் என்று நர்ஸ் கறாராகச் சொல்லியிருந்தாள். கடைசி என்றால் இன்னும் ஐந்து மாதம். கட்டி அதுவரை பொறுத்திருக்குமா என்று நர்ஸும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கப்படி வீடு கடைசி மகளுக்கு. வீட்டோடு சேர்த்து அப்பா அம்மாவும் அவளுக்கு. மற்றவர்கள் எங்கே வேண்டுமானாலும் போய்ப் பிழைத்துக்கொள்ளலாம். பாங்காக்கில் இருக்கும் அக்கா சீனுவான் மாதம் ஒருமுறை வீடியோவில் வந்து, அப்பா இளைத்துவிட்டாரே, சாப்பாடு போடுகிறாயா இல்லையா என்று விசாரிப்பாள். அதோடு அவள் கடமை முடிந்தது.

இன்கேவுக்கு மறதி ஆரம்பித்தபோது ஊரே கூடி அவர் உயிர் எங்கேயோ வழிதவறிப் போய்விட்டது என்று முடிவு செய்தது. பூசாரியை வைத்து உயிரைத் திரும்ப அழைத்தார்கள். நாற்பது பேர் வந்து அவர் மணிக்கட்டில் வெள்ளை நூல் கட்டினார்கள், ஒட்டரிசிச் சோறும் கொத்துக்கறியும் சாப்பிட்டார்கள், வாழ்த்திவிட்டுப் போனார்கள். அந்த நாற்பது பேரில் ஒருவர்கூட மறுநாள் வந்து ஒரு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காரவில்லை. கெட்ட ஜனங்கள் என்று சொல்ல முடியாது. மகள் இருக்கிற வீட்டில் போய் நாம் பார்த்துக்கொள்கிறோம் என்றால், அது அவளைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார்கள். மரியாதைக்குப் பயந்தே அவளை அம்போவென்று விட்டுவிட்டார்கள்.

சுகாதார நிலையத்தை ஒட்டி ஓர் அறை சும்மா கிடக்கிறது. திருவிழா மேளமும் உடைந்த நாற்காலிகளும் அதில் அடைந்திருக்கின்றன. அதைத் திறந்துவிடுங்கள், பயிற்சி பெற்ற ஒரு ஆளைப் போடுங்கள், வாரம் இரண்டு அரை நாள் இப்படிப்பட்டவர்கள் அங்கே இருக்கட்டும் என்று புவாலாய் ஒரு மனு எழுதினாள். ஊராட்சியில் இன்கேவைப் போல இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். வந்தனியும் அவளும் ஆறு வீட்டுக்கும் போனார்கள். ஆறிலும் பார்த்துக்கொள்வது மகள்தான். நாலு பேர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்கள். ஒருத்தி கதவை முக்கால்வாசி சாத்திக்கொண்டு, "அம்மா பாரமா இருக்கான்னு கையெழுத்துப் போட்டுக் குடுக்கச் சொல்றியா? நாளைக்கு ஊரு என்னைய என்ன சொல்லும்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குக் கண் சொருகியது. தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

அவளுடையதையும் சேர்த்து மூன்று கையெழுத்தோடு போன மனு ஒரு வரிப் பதிலோடு திரும்பி வந்தது: வீட்டில் மகள் இருப்பதால் தேவை எழவில்லை. அடுத்த வாரமே விருதுக்கு அவள் பெயரைத் தேர்ந்தெடுத்திருப்பதாக இன்னொரு கடிதம் வந்தது. இரண்டிலும் ஒரே கையெழுத்து, ஊராட்சித் தலைவர் தவீசக்குடையது. இரண்டையும் போடும்போது அவருக்குக் கை கூசவில்லை என்பதுதான் இதில் விசேஷம்.

ஒருவழியாகச் சட்டை ஏறியது. சைட்காரில் அப்பாவை உட்கார வைத்து ஊராட்சி அலுவலக மண்டபத்தில் நடந்த விழாவுக்குக் கொண்டுபோனார்கள். எட்டரை என்றது ஒன்பதே காலுக்குத்தான் ஆரம்பித்தது. தவீசக் இன்கேவின் கழுத்தில் மல்லிகை மாலை போட்டார். புவாலாய்க்குக் குறுக்கே ஒரு பட்டுப் பட்டை மாட்டி, சட்டம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார். "இந்த மாதிரிப் பொண்ணுங்க இருக்கிற வரைக்கும் நம்ம ஊருக்கு எந்த முதியோர் விடுதியும் வேண்டாம், எந்த ஏற்பாடும் வேண்டாம்" என்று மைக்கில் முழங்கினார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இன்கேவ் மட்டும் தலைவர் சட்டையைப் பிடித்து இழுத்து, இன்றைக்குத் தண்ணீர் யார் முறை என்று கேட்டார். கூட்டம் சிரித்தது.

புவாலாய் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பதே முக்கால். இரண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை அவள் கையில் கொடுத்தார்கள். அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் கும்பிடு. பத்தரைக்கு எனக்கு ஆஸ்பத்திரி. அப்பா இங்க தலைவர்கிட்ட இருப்பாரு. இந்தப் பையில மாத்துத் துணியும் சோறும் இருக்கு. நான் யாருன்னு சொல்லுங்கன்னு யாரும் அவரைக் கேக்காதீங்க, பயந்துருவாரு. தண்ணி யார் முறைன்னு கேட்டா மேல் வயலுக்குன்னு சொல்லுங்க. மூணு மணிக்கு வந்துருவேன்."

பையைத் தவீசக்கின் நாற்காலி மேல் வைத்தாள். அப்பாவின் தோளைத் தொட்டாள். அவர் மாலையிலிருந்து பூவை ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டிருந்தார். தலைவர் சிரித்தபடியே நின்றார். இது நிகழ்ச்சியில் ஒரு பகுதியோ என்று நினைத்தார் போலிருக்கிறது. அவள் படியிறங்கியபோதுதான் கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. பெத்த அப்பனை மேடையில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று ஒரு குரல் கேட்டது. சற்று முன்னால் அவளுக்காகக் கைதட்டியவர்களில் ஒருவரின் குரல்தான் அது. வெட்கத்தில் புவாலாய்க்கு முகம் எரிந்தது. திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தாள். வந்தனி அதற்குள் வண்டியை உதைத்துக் கிளப்பியிருந்தாள்.

"ஏறுக்கா. திரும்பிப் பாத்தா நின்னுருவ."

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். சுவரோரம் உட்கார்ந்ததும் செல்போன் அடிக்கத் தொடங்கியது. முதலில் ஒரு குமாஸ்தா: பெரியவர் சாப்பிட மறுக்கிறார், என்ன செய்வது? அரை மணி கழித்து இன்னொருத்தர்: அலுவலகத்துக் குழாய் அத்தனையையும் திறந்துவிட்டார், மூடப் போனவன் கையைக் கடித்துவிட்டார். மூன்றாவதாக ஒரு பெண்: ஈரத் துணியை மாற்ற விடமாட்டேன் என்கிறார், அழுகிறார், எனக்கும் அழுகை வருகிறது அக்கா. அந்தப் பெண்ணுக்கு மட்டும் புவாலாய் பொறுமையாக, முதலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இரு, அப்புறம் மாற்று என்று சொல்லிக் கொடுத்தாள். அப்பா அழுகிறார் என்று கேட்டதும் அவளுக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. வந்தனி அவள் முழங்கை மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குத் தலைவரே கூப்பிட்டார். மைக்கில் கேட்ட குரல் இல்லை அது.

"என்னம்மா இது? அஞ்சு பேரு சுத்தி நிக்கிறோம், ஒருத்தர சமாளிக்க முடியல. ஆபீஸ் வேலை பூரா நின்னுபோச்சு. ரெண்டு மணி நேரத்துல எனக்குத் தலை சுத்துது. ஆள் வேணும்மா, பழகின ஆள் வேணும்."

"ஆமா தலைவரே."

"அப்ப உடனே கெளம்பி வா."

கண்ணாடிக் கதவைத் திறந்து நர்ஸ் அவள் பெயரைக் கூப்பிட்டாள். புவாலாய் எழுந்து நின்றாள்.

"இப்பச் சொன்னீங்களே, ஆள் வேணும்னு, அத அப்படியே ஒரு தாள்ல எழுதி நாலாவது கையெழுத்தா நீங்க போடுங்க" என்றாள். "நான் மூணு மணிக்குத்தான் வருவேன்."

செல்போனை அணைத்து வந்தனியிடம் கொடுத்தாள். இன்னும் தோளில் தொங்கிக்கொண்டிருந்த பட்டுப் பட்டையை நர்ஸ் கழற்றச் சொன்னாள். புவாலாய் அதைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.