புகை எழாத கூரை

வத்தல்மலையில் செல்லனின் வீட்டுக்குச் சாண எரிவாயு அடுப்பு வந்தது.

"குழியில சும்மா கெடக்குற சாணியில இருந்து வாயு கெளம்புதுங்க. அது அடுப்புப் புகையவிட அதிகமா வானத்தச் சூடாக்கும். அதையே புடிச்சு எரிச்சா சூடும் கொறையும், வெறகுக்கு மரம் வெட்டவும் வேணாம்" என்றாள் அடுப்பை மாட்டிக் கொடுத்த நிர்மலா. வெயிலில் சாமைப் பயிர் கருகிப்போன வருஷங்களைப் பார்த்த செல்லனுக்கு அது நன்றாகவே புரிந்தது.

ஆனாலும் மனசு நிலைகொள்ளவில்லை. மனைவி இறந்தபின் அவர் தனி ஆள். பள்ளத்துக்கு அப்பால் குடியிருக்கும் கருப்பியும் தனிதான். விடிந்ததும் ஒருவர் கூரைப் புகையை மற்றவர் பார்த்துக்கொள்வார். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை. இப்போது அவர் கூரையில் புகை இல்லை. அவள் கவனித்தாளா? தான் செத்துக் கிடந்தால் யாருக்குத் தெரியும்?

மூன்று நாள் யாரும் வரவில்லை. நான்காம் நாள் கம்பை ஊன்றிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள் கருப்பி.

"ஏண்ணா, உசுரோடதான் இருக்கியா? மூணு நாளா பொகையவே காணோமே!"

"இன்னிக்குத்தான் வர்றியா? நாறிப் போயிருப்பேனே!"

"முட்டி வலி. பொணத்துக்கு என்ன அவசரம்?"

பல மாதங்களுக்குப் பிறகு செல்லன் சிரித்தார். புது அடுப்பில் டீ வைத்துக் கொடுத்தார்.

"இனிமே விடிஞ்சதும் ஒரு சத்தம் குடுண்ணா" என்றுவிட்டுப் போனாள்.

மறுநாள் விடியலில் அவர் வாசலில் நின்று, "கருப்பீ!" என்று கூவினார். மனைவி போனபின் அந்த வீட்டிலிருந்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது அன்றுதான்.