பாதித் தீனி

விடியும் முன்பே கொட்டகையில் சாணம் வழித்து, மடி கழுவி, கறவை தொடங்கிவிடும். ஈரத் தரையில் குந்தி, முழங்கால்களுக்கிடையே வாளியை இடுக்கிப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கறவைக்காரியின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அண்மையில் கன்று போட்ட சிவப்புப் பசு, இடுப்பெலும்பு துருத்த, நிற்கவே தெம்பில்லாமல் நின்றது. அதன் மூச்சில் அழுகிய பழ வாடை.

கன்று போட்ட மாடுகளில் ஒன்றுகூட மறுபடி சினை பிடிக்கவில்லை. முந்தின நாள் முதலாளி கூப்பிட்டனுப்பிய மாட்டு டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"கன்னு போட்டதும் பால் ஏறும். அதுக்கு ஈடா தீனி இல்லேன்னா மாடு தன் உடம்பையே கரைச்சுக் கொடுக்கும். மூச்சுல பழ வாடை வர்றது அதனாலதான். இப்படி வத்திப்போனது எப்படிங்க பருவத்துக்கு வரும்?"

முதலாளி முகம் மாறாமல் தீவனம் வைப்பவரைக் காட்டினார். "நான் குறையில்லாமத்தான் வாங்கிப் போடறேன். இவன் வெளியில வித்துத் தின்னுட்டான்."

தீவனம் வைப்பவர் கறவைக்காரியைப் பார்த்தார். 'கன்னு போட்டதுக்கெல்லாம் பாதி போதும்' என்று முதலாளி உத்தரவு போட்டபோது பக்கத்திலேயே நின்றவள் அவள். குனிந்து வாளியைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவிய வாளி.

வேலை பறிபோய், மாலைக்குள் தீவனம் வைப்பவரின் குடும்பம் கொட்டகைக்குப் பின்னாலிருந்த அறையைக் காலி செய்தது. பாத்திர மூட்டையோடு போன அவர் மனைவி ஒரு நிமிடம் நின்றாள்.

"நீங்களும் அங்கதான் இருந்தீங்களாமே, அக்கா?"

குரலில் கோபமில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கறவைக்காரிக்கு.

இப்போது சிவப்புப் பசுவின் மடியிலிருந்து கையை எடுத்து எழுந்தாள்.

"அந்த அண்ணன் திருடல. குறைக்கச் சொன்னது முதலாளி. கேட்டுக்கிட்டிருந்த நான் வாயை மூடிக்கிட்டு நின்னுட்டேன்."

சாணம் வழிப்பவர் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "எனக்கும் தெரியும்மா. நானும்தான் பேசல."

பால் அளப்பவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப கறவையை நிறுத்திடலாமா, அக்கா?"

"மடியில பால் கட்டிக்கும். மாடு என்ன பண்ணுச்சு பாவம்? கறந்துடுவோம். கேனை வண்டியில ஏத்த வேண்டாம்."

பால் வண்டி வந்தபோது கேன்களுக்கு முன்னால் எல்லோரும் நின்றார்கள். முதலாளி விரைந்து வந்தார்.

"என்ன கூத்து இது?"

"அண்ணன் வேலைக்குத் திரும்பணுங்க. கன்னு போட்ட மாட்டுக்கு முழுத் தீனி வைக்கணும்."

"நேத்து ஊமையா நின்னவளுக்கு இன்னிக்கு வாய் முளைச்சிடுச்சா?"

அது சுருக்கென்று தைத்தது. "ஆமாங்க. நேத்து நின்னது தப்பு. அதான் இன்னிக்குப் பேசறேன்."

"நாளைக்கே வேற ஆள் வரும். மூட்டையைக் கட்டுங்க." ஓட்டுநர் பக்கம் திரும்பினார். "நீ ஏத்துய்யா."

சொந்த வண்டி வைத்து வாடகைக்கு ஓட்டும் ஆள் அவர். கேன்களைப் பார்த்தார், மாடுகளைப் பார்த்தார்.

"தீவன மூட்டையும் நான்தானே ஏத்திட்டு வரேன். பாதியாக் குறைஞ்சது எனக்குத் தெரியாதாங்க?" என்றார். பிறகு கறவைக்காரியிடம், "அவங்க குடும்பத்தோட பஸ் நிலையத்துலதான் படுத்திருக்காங்க, வரும்போது பார்த்தேன். ஏறும்மா, கூட்டிட்டு வந்துடலாம்."

வெயில் ஏறத் தொடங்கியது. பால் திரிந்து போகலாம்; இருட்டுவதற்குள் இவர்களின் அறைகளுக்கும் பூட்டு விழலாம். ஆனாலும் கேன்களைச் சுற்றி நின்றவர்கள் ஒருவர்கூட நகரவில்லை. நேற்று மூட்டையோடு நின்று கேட்ட அந்தப் பெண்ணின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமலே கறவைக்காரி வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.