காற்றுப் படக்கூடாத பதினான்கு குச்சிகள்

1

இந்தக் கதை எனக்கு விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் பேருந்தில் கிடைத்தது. 2006, ஆவணி மாதம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மடியில் ஓர் ஈரத்துணிப் பொட்டலத்தை அணைத்திருந்தாள்.

"யக்கா, சன்னல அடைங்க. காத்துப் பட்டா செத்துப்போகும்."

கைக்குழந்தை என்று நினைத்துப் பதறி அடைத்தேன். உள்ளே இருந்தவை பதினான்கு மாங்குச்சிகள்.

2

முதல் வரியாக எழுதியது: "அச்சங்குளத்தில் அன்று வெயில்..." அடித்துவிட்டேன். எங்கள் ஊர்க் கதை என்றாலே வெயில்தான் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது: "தூரத்தில் வெடிச்சத்தம் கேட்டபோது வேலுத்தாய்..." இதையும்.

(கதை கேட்ட பத்திரிகை ஆசிரியர் தொலைபேசியில் சொன்னார்: "சிவகாசிப் பக்கத்துக் கதைங்கறீங்க, விபத்தே இல்லையே?" இல்லை, ஐயா. உடம்பு கருகினால்தான் எங்கள் பெண்கள் கதைக்குள் வரலாம் என்ற சட்டத்துக்கு நான் கட்டுப்படமாட்டேன். சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள் நான். எதை அடிப்பது என்று எனக்குத் தெரியும்.)

3

நடந்தது இதுதான். பேருந்தில் வந்த வேலுத்தாய்க்கு ஊர் அச்சங்குளம், தீப்பெட்டி ஆபீஸில் வேலை. தீக்குச்சிகளை மெழுகில் முக்குவாள். கல்யாணமாகி வந்த வருடம் கிணற்றடியில் அவள் ஊன்றிய மாங்கொட்டை பெரிய மரமாகியிருந்தது. சின்னக் காய்தான். ஆனால் துளிப் புளிப்பு கிடையாது. பச்சையாகவே தேங்காய்ச் சில்லு மாதிரி கடித்துத் தின்னலாம். கணவன் இறந்த பிறகு, அவன் அண்ணன் ஊர்க்காவலன் அந்த நிலத்தை ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு விற்றுவிட்டான். புது ஷெட்டுக்கு மரம் இடைஞ்சல்.

"ஒரு வாரம் பொறுங்க அத்தான்," என்று கேட்டாள்.

"நிலம் இப்ப நம்மது இல்ல. நான் என்ன செய்ய?"

மரம் விழுந்தது. வெட்டியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிளைகளுக்குள் புகுந்து, மொட்டுத் திரண்ட நுனிகளாகப் பதினான்கை வெட்டி, இலைகளைக் கிள்ளி, ஈரச்சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு விருதுநகரில் ஒரு நாற்றுப்பண்ணைக்கு ஓடினாள்.

(கொட்டையை ஊன்றினால் போதாதா என்று நானும் கேட்டேன். "மரம் வரும்க்கா. இதே ருசி வரணுமே?" மரத்தடியில் தானாக முளைத்த நாற்றுகளை முன்பே பைகளில் பெயர்த்து வைத்திருந்தாள். அவற்றின் மேல் இந்தக் குச்சிகள் ஒட்டினால்தான் அதே காய்.)

பண்ணைக்காரர் பார்த்தார். "வாடிப்போச்சும்மா. ஒட்டாது."

அவள் நகத்தால் பட்டையைக் கீறினாள். "உள்ள பச்சையா இருக்குல்ல?"

"இந்தக் காத்துல நாளைக்கே காஞ்சிரும். நம்மகிட்ட நல்ல ஒட்டுக்கன்னு இருக்கு, கொண்டு போங்க."

அவள் வாங்கவில்லை. போகவும் இல்லை. அவர் வேறு கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டுவதை நின்று பார்த்தாள். குச்சியின் அடியை ஆப்பாகச் சீவுவது, நாற்றின் தலையை வெட்டிப் பிளந்து செருகுவது, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்குவது. பார்த்தவரை போதும் என்று பட்டதும் பேருந்து ஏறினாள்.

4

"மேனேஜரிடம் பணிவாகக் கேட்டு ஒரு துண்டு மெழுகு வாங்கினாள்" என்று எழுதியிருந்தேன். வாசகர்களுக்கு அவளைப் பிடிக்க வேண்டுமே என்ற பயம். அச்சங்குளம் போய் அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"கேக்கல. எடுத்தேன்."

"அப்படியே எழுதட்டுமா?"

"எழுதுங்க. எம்புட்டு வருசமா அந்த மெழுகு எங் கையப் பொள்ள வச்சிருக்கு!"

எழுதிவிட்டேன். எடுத்தாள். பண்ணையில் பார்த்தபடியே குச்சிகளை நாற்றுகளில் செருகி நாடாவால் இறுக்கினாள். மெழுகை உருக்கி, சூடு தணிந்ததும் ஒவ்வொரு ஒட்டின் வெட்டுவாயையும் அடைத்தாள். ஐஸ் விற்கிற நீளப் பிளாஸ்டிக் உறைகளை மேலே கவிழ்த்து அடியில் நூலால் கட்டினாள். உறைக்குள் ஈரம் முத்துமுத்தாக நின்றது. வீட்டுக்குப் பின்னால் நிழலில் வைத்து, காற்று வரும் பக்கம் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டாள்.

முதல் வாரம் ஐந்து கருத்தன. அடுத்த வாரம் இரண்டு. இனி வெட்டிவர மரம் இல்லை.

ஊர்க்காவலன் வந்து ஓர் உறையில் கை வைத்தான். "மூடி வச்சா மூச்சு முட்டிரும்லா? தொறந்து விடு."

"கைய எடுங்க அத்தான்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

"மரத்த வித்தீக. அதோட ருசிய எந்தப் பத்திரத்துல எழுதிக் குடுத்தீக? கைய எடுங்க."

எடுத்துவிட்டான்.

("அவள் கண்கள் கலங்..." இல்லை. கலங்கவில்லை.)

இருபத்திரண்டாம் நாள் ஓர் உறைக்குள் செம்பு நிறத்தில் துளிர். பிறகு ஒன்றொன்றாக, ஏழும்.

5

ஏழும் காய்த்துக் குலுங்கின என்று முடித்திருப்பேன். ஆனால் ஊன்ற அவளிடம் ஒரு முழ நிலம் இல்லை. ஆசிரியர் ஏழு கன்றையும் சாகடிக்கச் சொல்கிறார்; அதுதான் ஆழமாம். இரண்டையும் எழுத மாட்டேன்.

மறுவருடம் ஐப்பசி மழையில், அந்தக் கம்பெனி வாசலுக்கு எதிரே சாலைப் புறம்போக்கில் அவள் ஒரு கன்றை வைத்தாள். தண்ணீர்க் குடத்தோடு நான் நின்றேன். சூப்பர்வைசர் சங்கிலிமுத்து வெளியே வந்தார்.

"இங்கன வைக்கக்கூடாது. லோடு வண்டி திரும்புற எடம். நாளைக்கே புடுங்கிருவோம்."

"புடுங்குங்க. இன்னும் ஆறு வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு மண்ணை மிதித்து இறுக்கினாள்.

பிடுங்கினார்களா என்பது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மீதி ஆறு கன்றுகள் அவள் வீட்டுக்குப் பின்னால் பைகளுக்குள் வேர் சுருண்டு நிற்கின்றன. திரும்பும்போது கேட்டாள்:

"ஒங்க கதையப் படிக்கிறவுகள்ல எடம் உள்ளவுக இருப்பாகல்ல? கேளுங்க."

கேட்டுவிட்டேன்.